ஆணி அடிக்காத சுவர்கள்

என் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிற ஆள், உனக்குத் தெரியாததா. இது கொஞ்சம் நீளமான விஷயம், பாதியில் வாயடைத்துப் போய்விடும் என்று பயந்து பேனாவை எடுத்தேன்.

போன வாரம் வீடியோவில் உன் அறையைக் காட்டினாய். தரையில் ஒரு மெத்தை, பிரிக்காத நான்கு அட்டைப்பெட்டிகள், தலைக்கு மேல் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஒரு வெள்ளை விளக்கு. ஏம்மா இப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, 'வாடகை வீடுதானேப்பா, எப்ப காலி பண்ணுவோமோ, இதுக்குப் போய் எதுக்கு மெனக்கெடணும்' என்றாய். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஏனென்றால் அது என் பேச்சு. கூட்ஸ் வண்டியில் முப்பத்திரண்டு வருஷம் கார்டாக இருந்தேன், ஆறு ஊர், ஆறு குவார்ட்டர்ஸ், எல்லாவற்றிலும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. ஒவ்வொரு வீட்டிலும் உன் அம்மா, ஜன்னலுக்கு நல்லதாக ஒரு திரை தைக்கட்டுமா, இந்த ஒரு சுவருக்கு மட்டும் வேறு வண்ணம் அடிக்கலாமா என்று கேட்பாள். நான், 'மாத்தல் வந்துடும், போற இடத்துல பாத்துக்கலாம்' என்பேன். போன இடத்திலும் அதையேதான் சொன்னேன். நாலைந்து வீட்டுக்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள், நான் அவள் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அம்மா துணைக்குப் போயிருக்கிறாள் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னிடம் சொன்னோம். ஆபரேஷன் நடந்தது உண்மை. பெரியம்மா இப்போது மாடிப்படியே ஏறி இறங்குகிறார். அம்மாதான் திரும்பி வரவில்லை, வருவதாகவும் சொல்லவில்லை. ஓய்வு பெற்று இந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிவந்த நாலாம் நாள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். நான் வழக்கம்போல, கட்டிலும் அடுப்பும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'நீங்க வாழ்க்கை பூரா வண்டியில இருந்தீங்க, நான் வெயிட்டிங் ரூம்ல இருந்தேன். இதுவும் அதே ரூம்தாங்க. நான் அக்கா வீட்டுல இருந்துக்கிறேன்' என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேட்காதே. சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவேன். வண்டியில் தனியாக இருந்து பழகினவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், ஆனால் பாப்பா, வண்டியில் இருந்த தனிமை வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த தனிமை. இங்கே நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கும். ஒருநாள் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் வந்தார், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, 'எப்ப சார் குடி வரப்போறீங்க?' என்று கேட்டார். நான் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்றேன். பாவம், மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குழாயைப் பார்த்தார். போகும்போது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், சுவரில் ஆணி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் துண்டுத்துணி விற்கிற கடையில் நின்றேன். சிவப்பில் பெரிய பெரிய பூ போட்ட துணியைத்தான் முதலில் எடுத்தேன். கடைக்காரம்மா அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, 'வீடு பூரா பளிச்சுன்னு இருந்தா கண்ணு எங்க சார் உக்காரும்?' என்று கேட்டு, கோதுமை நிறத்தில் ஒரு முரட்டுப் பருத்தித் துணியைக் கொடுத்தார். யூனிபார்மில் பொத்தான் தைத்துப் பழகிய கை, கையாலேயே ஓரம் அடித்தேன், நான்கு நாள் பிடித்தது. ஆணி இல்லாமல் இரண்டு பக்கமும் தானே அழுத்திப் பிடித்துக்கொள்கிற கம்பி கிடைக்கிறது, அதை ஜன்னலின் தலைக்கு ஒட்டி உயரமாக மாட்டினால் தாழ்வான அறையும் நிமிர்ந்து நிற்கிறது. நீயும் அப்படியே செய். டியூப் லைட்டை அணைத்துவிட்டு மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு வை. பழைய சாமான் கடையில் கை வைத்த மர நாற்காலி ஒன்று பிடித்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசினேன், புதிதாக வாங்கியிருந்தால் இத்தனை ஒட்டுதல் இருந்திருக்காது. சுவரில் ஒன்றும் மாட்டவில்லை, அலமாரி மேல் உன் படம் ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு கொடி. அவ்வளவுதான். ஒவ்வொன்றாக வைத்து ஒரு வாரம் பார், கண் உறுத்தினால் எடுத்துவிடு. இதையெல்லாம் செய்யும்போது அம்மா வருவாள், பார்ப்பாள், உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் செய்தேன், அதை மறைக்க மாட்டேன்.

அவளும் வந்தாள். பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட போன மாதம் ஒரு காலையில் வந்தாள். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். 'யாரு தச்சது?' என்றாள். நான்தான் என்றேன். 'உங்களுக்கு இது வரும்னு எனக்குத் தெரியாமலே போச்சே' என்றாள். எனக்கும் தெரியாது என்றேன். மர நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள், கையெழுத்துப் போட்டாள், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான் இருந்துவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்து, பத்திரமாகப் போய் வா என்றேன். அவள் போன பிறகு அந்த அறை எத்தனை அழகாக இருந்ததோ அத்தனை காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் போன் பண்ணினாள். 'என் ரூம் ஜன்னலுக்கும் அதே துணியில ஒண்ணு தச்சுத் தர்றீங்களா?' என்றாள். அளவு என்ன என்று கேட்டேன், அகலம் நாலடி, உயரம் ஐந்தடி என்று உடனே சொன்னாள், அளந்து வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டிருக்கிறாள். என் ரூம் என்று சொன்னாள் பார், அது எனக்குப் புரியாமல் இல்லை. திரை போடுகிறவள் தங்கப்போகிறவள். ஆனாலும் பாப்பா, முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்ட ஒன்றை, மாற்றல் கீற்றல் என்று சொல்லாமல் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். இந்தத் தடவை தையலை இன்னும் நெருக்கமாகப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். அவள் கீழே நின்று, இடது பக்கம் ஒரு விரல் ஏறியிருக்கு, இறக்குங்க என்று சொல்ல, நான் முக்காலி மேல் நின்று இறக்கினேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அறையைச் சரிசெய்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவள் திரையை மூடித் திறந்து பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் இரண்டு மூன்று தடவை மூடித் திறந்தாள். கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்து, 'அடுத்த தடவை வர்றப்ப சாப்பிடாம வாங்க' என்றாள். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்து ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கிவிட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து இரு, உடம்பைப் பார்த்துக்கொள், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. அம்மாவிடம் பேசும்போது எப்போது திரும்பிப் போகப்போகிறாய் என்று கேட்காதே. உன் அறை எப்படி இருக்கிறது என்று கேள், சாவகாசமாகச் சொல்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா