உக்காரு என்றேன்

21 நவம்பர் 1983, திங்கள்

எங்கள் சிப்பிப்பாறைக் கலப்பு நாய் ஜிம்மி, பக்கத்துத் தோட்டத்து முருகேசனின் ஆட்டுக்குட்டியைத் துரத்திப் போய்க் கழுத்தைக் குதறிவிட்டது. அவர் கொடுவாளோடு வந்தார். ஜிம்மி காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவரால் பிடித்திருக்க முடியாது.

"ஏனுங்க டீச்சர், நாயப் புடிக்கறீங்களா, இல்ல உங்க ஊட்டுக்குள்ள பூந்து வெட்டட்டுங்களா?"

பிடித்துக் கட்டிவிட்டால் அடங்கிவிடுவார் என்று நினைத்தேன், முட்டாள். "ஜிம்மி, உக்காரு!" என்று கத்தினேன்.

மழைக்காலம் முழுக்க ராகிக் களி உருண்டையைக் காட்டி அதைத்தான் பழக்கினேன். 'போ' என்று சொல்லும்வரை எழக்கூடாது. ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை.

இன்று கேட்டது. களத்தின் நடுவே உட்கார்ந்து, களி எங்கே என்று என் கையைப் பார்த்தது. நான் ஓடி எட்டுவதற்குள் முதல் வெட்டு இடுப்பில் இறங்கியது. அலறியது. ஆனாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பாவி எனக்கு வாய் வந்தது.

"போ ஜிம்மி, போ!"

முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழப் பார்த்தது; பின்னங்கால்கள் வரவில்லை.