உங்கள் நினைவில் இருந்ததைக் கணினியில் ஏற்றுகிறோம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் வேண்டுமே.

கீரனூர் கிளினிக்கை நான் மூடவில்லை. நானும் பல் டாக்டர்தான் என்றாலும், வருகிறவர்கள் முதலில் சொல்வது, "சாருக்கு எல்லாம் தெரியும்மா" என்பதுதான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள்ளேயே இருந்தது. அட்டையில் பெயரும் பல்லும் மட்டும்தான் எழுதுவீர்கள்.

நீங்கள் போன மறுமாதம், குன்றாண்டார்கோவிலிலிருந்து வள்ளிக்கண்ணு அக்கா பல் எடுக்க வந்தார். மாத்திரை ஏதும் போடுறீங்களா என்று கேட்டேன். "பிரஷருக்குத்தான்" என்றார். கடைவாய்ப் பல்லை எடுத்தேன். ரத்தம் நிற்கவில்லை. ஒரு கையால் பஞ்சை அழுத்தியபடி, உங்களுக்குப் போன் போட மறு கையை நீட்டிவிட்டேன். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் போடுகிறார் என்பது, வெளியே இருந்த அவர் மகள் சொல்லித்தான் தெரிந்தது. தையல் போட்டு ஒருவழியாக நிறுத்தினேன்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் ஏன் கூடவே கொண்டுபோனீர்கள்?

அதன் பிறகுதான் கணினி வாங்கினேன். வரவேற்பில் இருக்கும் நம் ஸ்டெல்லா, ஒவ்வொருவரிடமும் மாத்திரைகளை வாங்கிப் பார்த்துப் பதிகிறாள். "பல்லு வலிக்கு வந்தா நெஞ்ச பத்தி எதுக்குக் கேக்குறீங்க?" என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே கேட்பதை விடவில்லை.

போன மாதம் வள்ளிக்கண்ணு அக்கா வேறொரு பல்லுக்காக வந்தார். பயந்துபோய் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பெயரைத் தட்டியதும் திரையில் சிவப்பெழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவருடைய இதய டாக்டரிடம் கலந்து பேசி, நாள் குறித்து எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

மறுநாள் காட்ட வந்தவர் சொன்னார்: "பொட்டி எல்லாத்தையும் சரியா வச்சிருக்கும்மா. ஆனா சாரு இருந்தா, சிங்கப்பூர்ல மவன் எப்புடி இருக்கான்னு மொதல்ல கேப்பாரு."

அவருக்கு ஒரு மகன் இருப்பதே எனக்குத் தெரியாது.

"எப்படிக்கா இருக்கான்?" என்றேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். வெளியே ஆட்கள் காத்திருக்க, அவர் பேசிக்கொண்டே இருந்தார். நீங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால், நேரமாகிறது என்று கதவைத் தட்டுவது நானாக இருக்கும். இப்போது தட்ட ஆளில்லை.

இனி யார் வந்தாலும் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் திரைப் பக்கம் திரும்புவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்க வீட்டுக்காரி,
மீனா