பின் சீட்

அன்புள்ள ஜோசலினுக்கு,

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? ஷீலா அக்கா போனில் சரியாகச் சொல்லவில்லை.

நேற்று ஸ்டேஷனில் கூப்பிட்டு எபியின் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்னால் அவன் ஒட்டிய சிவப்பு 'எல்' அப்படியே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, "எல்.எல்.ஆர். வச்சிருக்கிற பையன், லைசென்ஸ் இருக்கிறவங்களத் தவிர யாரையும் பின்னாடி ஏத்தக்கூடாது சார். மேடம்கிட்ட லைசென்ஸ் இருக்கு. ரூல்படி எல்லாம் கரெக்டாதான் இருக்கு" என்றார்.

தலையாட்டினேன். கல்யாணமான புதிதில் அட்ரஸ் ப்ரூஃபுக்காக எடுத்த லைசென்ஸ் அது, அதன்பிறகு நீ வண்டியைத் தொட்டதே இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. "நீ சும்மா பின்னாடி உக்காரும்மா, அது போதும்" என்று எபி உன்னைக் கூட்டிக்கொண்டு போனதையும் சொல்லவில்லை.

எபியின் அடக்கம் முடிந்த நாளிலிருந்து, நீ அவன் பின்னால் ஏறி உட்கார்ந்ததற்காக உன்மேல் கோபமாக இருந்தேன். நீ அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது தடுக்காமல் நின்றது அதனால்தான். அவர் எல்லாம் கரெக்ட் என்றதும் அந்தக் கோபமும் போய்விட்டது. இப்போது ஒன்றுமே இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், ஆபீஸ் போகிறேன்.

ஸ்கூட்டரை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, பழைய பெட்ஷீட் போட்டு மூடியிருக்கிறேன். நீ பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செம்பாக்கம் வருகிறேன். பஸ்ஸில்தான். மனமிருந்தால் கூடவே வந்துவிடு. பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரலாம். யாரும் யாருக்கும் பின்னால் உட்கார வேண்டாம்.

இப்படிக்கு,
அவன் அப்பா