பானட்டின் இடது மூலை

பிப்ரவரி 22, சனி

காலையிலேயே அத்தானின் காருக்கு பானட், அதாவது இன்ஜின் மேல்மூடி, போட ஆரம்பித்தேன். அச்சுக்கு நாலு தடவை மெழுகு பூசி நேற்றே தயாராக வைத்திருந்தேன். சமையலறைக்குப் பின்னாலிருக்கும் இந்தத் தகரக் கொட்டகை பத்து மணிக்கே கொதிக்கிறது. ரெசின் வாடை வீட்டுக்குள் வரக்கூடாதென்று மனைவி ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

மேலே கார்பன் துணி, அடியில் ஃபைபர் துணி இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றையும் ரெசின் பசையில் ஊற வைத்து அச்சில் படியவிட வேண்டும். முக்கால்வாசி அழகாகப் படிந்தது. கடைசியாக முன்பக்கத்து இடது மூலை. அந்த நேரம் பார்த்து, கதவு செய்யச் சொல்லியிருந்த கார் கிளப் ஆசாமி போன் செய்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நானும் நிறுத்தவில்லை. என் வேலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கப்பில் ரெசின் சூடேறி இறுகத் தொடங்கியிருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஃபாக்டரியில் பதினாறு வருடமாக இதே ரெசினோடுதான் மல்லுக்கட்டுகிறேன். எனக்குக் கீழே இருப்பவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். கலக்கவில்லை. இருந்ததையே பிரஷால் அழுத்தித் தேய்த்து, ரோலரை உருட்டி முடித்தேன்.

சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 24, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் அச்சிலிருந்து கழற்றினேன். மேல்பக்கத்தில் என் முகம் தெரிகிறது, அப்படி ஒரு பளபளப்பு. தராசில் தொங்கவிட்டேன். பழைய இரும்பு பானட் பதிமூன்றரைக் கிலோ, இது நாலே முக்கால். ஒரு கையால் தூக்கி மனைவியிடம் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு கூத்து" என்றாள்.

உள்பக்கம், இடது மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருக்கிறது. ரெசின் துணிக்குள் இறங்கவில்லை. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கணீரென்கிறது. அங்கே மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கிறது. பூட்டுக்கான துளை வரப்போவதும் அங்கேதான்.

கறுப்பு பெயிண்ட் ஒரு கை அடித்தேன். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்.

மார்ச் 1, சனி

அத்தான் வீட்டு வாசலில் வைத்து மாட்டிக் கொடுத்தேன். காரின் முகப்பிலிருந்து இரண்டு பின்கள், விரல் நீள இரும்புக் குச்சிகள், எழும்பி, பானட்டின் துளைகள் வழியே தலை நீட்டும். தலைக்கொரு கிளிப் மாட்டினால் பூட்டு.

அத்தான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். முப்பது வருஷப் பழைய சின்னக் கார், ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். மாதம் ஒரு ஞாயிறு பழைய கார்க்காரர்களோடு மலைப்பாதைக்குப் போய்வருவதுதான் அவருக்கிருக்கும் ஒரே ஆடம்பரம். "தானா பூட்டிக்கிற பழைய பூட்டும் இருந்துட்டுப் போகட்டுமே தம்பி, எனக்கு மறதி ஜாஸ்தி" என்றார். அது ஒன்றரைக் கிலோ, எடையைக் குறைக்கத்தானே இந்தப் பாடு என்று சொல்லி நான்தான் கழற்றிப் போட்டேன்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். "மூக்குல கண்ணாடிய வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுற மனுஷன். இவர நம்பி ரெண்டு கிளிப்பு."

மார்ச் 9, ஞாயிறு

அத்தான் போன் செய்தார். ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியதாம். குரலில் அப்படியொரு குஷி.

மார்ச் 17, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

அத்தானும் அக்காவும் நேற்று நெடுஞ்சாலையில் எண்பது வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பானட் எழும்பி முன்கண்ணாடியில் அறைந்திருக்கிறது. திடீரென்று எதிரே கறுப்பாக ஒரு சுவர் என்கிறார் அத்தான். பிரேக் அடித்திருக்கிறார், வண்டி சுழன்று சாலையோரக் கம்பத்தில், அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் —

அத்தானுக்கு மணிக்கட்டில் முறிவு. அக்காவுக்கு முதுகுத்தண்டு. ஆறு மணி நேர ஆபரேஷன்.

உயிர் இருக்கு. உயிர் இருக்குன்னு எல்லார்கிட்டயும் போன்ல சொல்லிக்கிட்டே இருந்தேன். வேற என்ன சொல்றது?

மார்ச் 19, புதன்

நடக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். முதலில் நாற்காலியில் உட்காரவைக்கப் பார்ப்போம் என்றார்.

அத்தான் வராந்தாவில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "வலது கிளிப்ப மாட்டினது ஞாபகம் இருக்கு தம்பி. இடது பக்கம் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். அதுக்கப்புறம் மாட்டினேனா இல்லையா, எவ்வளவு யோசிச்சும் வரமாட்டேங்குது."

நான் அவர் தோளில் கை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

மாலையில் இந்த நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரி 22. பிப்ரவரி 24. என் கையெழுத்துதான்.

மார்ச் 22, சனி

நொறுங்கிய வண்டிகளை நிறுத்திவைக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். காப்பீட்டுக் கம்பெனியின் மதிப்பீட்டாளர் எனக்கு முன்னாலேயே வந்து எழுதி முடித்துவிட்டார். "கிளிப்பு போடாம ஓட்டியிருக்காரு. அவரே ஒத்துக்கிட்டாரே" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

அவர் போனபிறகு மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். முகப்பு நசுங்கி உள்வாங்கியிருக்கிறது. வலது பின் ஒடிந்து போயிருந்தது. இடது பின் மடிந்த தகரத்துக்குப் பின்னால் வளைந்து கிடந்தது. அதன் தலையில் கிளிப் அப்படியே இருக்கிறது. மாட்டியபடி. கிளிப்புக்குக் கீழே, வட்டமாகப் பிய்ந்து வந்த பானட் துண்டு. ஓரமெல்லாம் ரெசின் ஏறாமல் காய்ந்த வெள்ளை நூல். அடியில் நான் அடித்த கறுப்பு.

அத்தான் பூட்டித்தான் இருக்கிறார்.

தகரத்தை நெம்பி, பின்னை ஆட்டி ஆட்டிக் கழற்றினேன். துண்டும் கிளிப்புமாக அப்படியே கையோடு வந்தது. பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு எடுத்தேன்? யாரும் பார்த்துவிடக் கூடாதென்றா, தொலைந்துவிடக் கூடாதென்றா? வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது அது தொடையில் குத்திக்கொண்டே இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

மனைவியிடம் காட்டினேன். கறுப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"சொன்னா உங்க அக்கா எந்திரிச்சு நடந்துடுவாங்களா? உங்களுக்குன்னு இருக்கறது அந்த ஒரு வீடு. அதுவும் போகும்."

தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு ஏற்கெனவே தோன்றியதைத்தான் அவளும் சொன்னாள். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அத்தான் பாதி ஆளாகிவிட்டார்.

ஏப்ரல் 5, சனி

இந்தக் கொட்டகையிலிருந்து இதுவரை வெளியே போன பானட்டுகள் இன்னும் ஐந்து. நாணயத்தை எடுத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனேன். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லி, உள்பக்கம் முழுக்கத் தட்டினேன். நாலு கணீரென்றன. பேக்கரிக்காரருடையதில் ஓரிடம் மந்தமாகக் கேட்டது. இந்த பானட்டில் எனக்கே திருப்தி இல்லை, உடனே கழற்றுங்கள், பழைய இரும்பையே மாட்டித் தருகிறேன் என்றேன். அவர் காரணம் கேட்டார். ரெசின் சரியாக இறங்கவில்லை, என் தப்பு என்று பளிச்சென்று சொல்லிவிட்டேன்.

நாக்கில் தடங்கலே இல்லை. பேக்கரிக்காரரிடம் சொல்ல முடிகிறது.

ஏப்ரல் 10, வியாழன்

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தபோது அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் அவரோடு சரியாகப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் வேண்டுமென்றால் நர்ஸிடம் கேட்கிறாள். அவர் ஸ்பூனை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

"நான் அந்த வீட்டுக்குப் போகல. உன் வீட்டுக்கு வர்றேன். கேஸ மூடினாரா, கதவப் பூட்டினாரான்னு இருபத்தாறு வருஷம் அவர் பின்னாலயே போய்ப் பாத்துட்டேன். அன்னிக்கு ஒரு நாள் பாக்கல. இனிமே அவர் கையில என்னை ஒப்படைக்க எனக்குப் பயமா இருக்குடா. உன் கை வேலை தெரிஞ்ச கை."

அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

அத்தானிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் அவரே பேச்சை எடுத்தார். "அவ சொல்றதுதான் சரி. உன் வீட்டுல பத்திரமா இருப்பா." அவளுக்கு வேண்டிய துணிமணியையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாராம். எதையும் மறந்துவிடக் கூடாதென்று பட்டியல் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்தாராம்.

இது எப்படி என்னால — நான் என்ன மனுஷன்?

ஏப்ரல் 12, சனி

சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டுமென்று காத்திருந்து, அத்தான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன். பின்னை எடுத்துப் போர்வை மேல் வைத்தேன். போன் வந்தது, ரெசின் இறுகியது, பெயிண்ட் அடித்தது, பழைய பூட்டைக் கழற்றியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வீட்டிலிருந்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் உதவவில்லை. எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி வறட்டுக் குரலில்தான் வந்தது.

அத்தான் பின்னைக் கையிலெடுத்தார். கிளிப்பை விரலால் தொட்டார், இழுத்தார். அது அசையவில்லை.

"பூட்டியிருக்கேன்" என்றார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, "பூட்டித்தான் இருக்கேன்" என்றார். அவர் அழுததை இதுவரை நான் பார்த்ததில்லை.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எத்தனை நாளா இது உன்கிட்ட இருக்கு?"

"இருபத்தோரு நாள்."

"ரெசினு, பெயிண்டு, அதெல்லாம் எனக்குப் புரியல. தப்பு யாருக்கும் வரும். இந்த இருபத்தோரு நாளும் நீ தினம் வந்தே. அவர் இருந்த இருப்ப தினம் பாத்தே. பாத்துட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கே."

"போ" என்றாள்.

கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் கை போர்வை மேல் அத்தானின் கையைத் தேடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். நீங்களாகத்தான் வந்து சொல்கிறீர்களா என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். மதிப்பீட்டாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். வழக்கு வரும், எப்போதென்று தெரியாது.

மனைவி கேட்டாள்: "இப்ப நிம்மதியா?"

இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அச்சுகளையெல்லாம் ரம்பத்தால் அறுத்தேன். ஏழு அச்சு, ஆறு வருட வேலை. பானட், கதவு, பின்கதவு. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கார் கிளப் ஆசாமிக்குக் கதவு கிடையாது என்று சொல்லிவிட்டேன். மிச்சமிருந்த கார்பன் துணியைச் சுருட்டி, கேட்டு வந்த ஒருவருக்குக் கொடுத்தேன். கைமுழுக்க ஃபைபர் அரிப்பு. எண்ணெய் தடவிக்கொள்ளவில்லை.

மே 3, சனி

அக்கா அத்தானோடு தங்கள் வீட்டுக்கே போய்விட்டாள். மனைவி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன், இறங்கவில்லை.

அத்தானுக்குக் கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டதாம். அக்காவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறாராம். முதல் தடவை தடுமாறி இரண்டு பேருமாகத் தரையில் விழுந்து, எழ முடியாமல் அரைமணி நேரம் அங்கேயே கிடந்து பேசிக்கொண்டிருந்தார்களாம். அக்காவே சொன்னாளாம்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

மனைவி சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். "கேக்கல" என்றாள்.

மே 19, திங்கள்

கொட்டகை காலி. மனைவி ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலை பதினோரு மணிக்கு அத்தானிடமிருந்து போன். பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். எடுத்து, "சொல்லுங்க அத்தான்" என்றேன். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"வாசல்ல மூணு படி இருக்கில்ல. நாற்காலி ஏறி இறங்கச் சரிவு கட்டணும்."

நான் செய்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"நீ வேண்டாம். நல்ல கொத்தனார் யாராவது தெரிஞ்சா நம்பர் மட்டும் அனுப்பு."

பின்னாலிருந்து அக்காவின் குரல். வாசலுக்கு வெயில் வருவதற்குள் தன்னை வெளியே கொண்டுபோகச் சொல்கிறாள். "இதோ வந்துட்டேன்" என்றார் அத்தான். என்னிடம் சொல்லவில்லை. போன் வைத்தாகிவிட்டது.

ஃபாக்டரிக்குத் தரை போட்ட கொத்தனாரைக் கூப்பிட்டேன். யாருடைய வீடென்று சொல்லவில்லை. சக்கர நாற்காலி ஏறப்போகிறது, சரிவு நீளமாக இருக்க வேண்டும், மேலே வழவழப்பாக்கிவிடாமல் சொரசொரப்பாக விட வேண்டும், அடியில் கல்லை நன்றாக இடித்து இறுக்கிவிட்டு அதற்குமேல்தான் கலவை போட வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது என் வேலைங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

நம்பரை அனுப்பினேன்.