செக்யூரிட்டி கன்சல்டன்ட் எழுதுவது

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அக்காவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், சொல்லிவைத்த மாதிரி தினமும் மாடிக்குத்தான் துணி காயப்போடப் போகிறாள். நம் கடைக்குப் பக்கத்துச் செருப்புக்கடை காலியாகி அங்கே போன் ரிப்பேர் கடை வந்திருக்கிறது, காலையிலிருந்து ஒரே பாட்டு, பூட்டுக்குள் என்ன சத்தம் கேட்கிறது என்று காது கொடுத்து வேலை பார்க்கிறவன் பாடு என்னவென்று அவனுக்குத் தெரியுமா. இதெல்லாம் முறைக்கு எழுதுகிறேன், மனசில் இருப்பது வேறு, பத்து நாளாக அது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

அந்தப் பெரிய ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நீ அனுப்பிய பயோடேட்டாவை அக்கா போனில் காட்டினாள். எழுத்துப் பிழை பார்க்க அவளுக்கு அனுப்பினாயாமே, அவள் என்னிடம் காட்டுவாள் என்று நீ நினைத்திருக்கமாட்டாய். படிப்பு, மார்க், இதுவரை பார்த்த வேலை எல்லாம் படித்துப் பெருமையாகத்தான் இருந்தது, என் பிள்ளை இவ்வளவு செய்திருக்கிறானா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். கடைசியில் குடும்பப் பின்னணி என்று ஒரு தலைப்பு. அப்பா, செக்யூரிட்டி கன்சல்டன்ட். யாருடைய அப்பா என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. அக்காவைக் கேட்டால், அங்கெல்லாம் அப்படித்தான்பா போடுவாங்க, இரும்புப் பெட்டி ரிப்பேர்னு போட்டா நல்லாவா இருக்கும் என்கிறாள். நல்லா இல்லாத வேலையிலா அவளைப் படிக்கவைத்தேன், அவளுக்குக் கல்யாணம் பண்ணினேன். அன்றைக்கு உனக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், விடுங்கப்பா, ஃபைனான்ஸ்ல குடும்பத்தைப் பார்ப்பாங்க, உங்களுக்குப் புரியாது என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கா புரியாது. முப்பத்தோரு வருஷமாக இந்த ஃபைனான்ஸ்காரர்களின் பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை. உன் மாமா வந்தார், கிளார்க்காகவே ரிட்டயர் ஆனவரை நாம் எல்லாரும் சேர்ந்து ஆபீசர் மாமா ஆக்கி வைத்திருக்கிறோமே, அவருக்கு இது பண்டிகை கிடைத்த மாதிரி. குடும்பப் பின்னணி கட்டாயம் வேணும், அடுத்தவன் பணத்தைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி எந்த வீட்டுப் பிள்ளைன்னு பார்க்கத்தான் செய்வான், அப்பா பேரை எடுத்துட்டு தாய்மாமன் பேங்க் ஆபீசர்னு போடச் சொல்லுங்க என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார், அதுவும் என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு. உன் அம்மா அவருக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பிறகு தனியாகக் கேட்டால், பிள்ளைக்கு வேலை கிடைச்சா சரி, அதுல நீங்க யாரா இருந்தா என்ன என்றாள். நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

அப்புறம்தான் அக்கா வாயை விட்டாள். ரிப்பேர்க்காரர் என்று எழுதக் கூச்சப்பட்டு நீ மாற்றவில்லை, அந்த மூன்று நாள் விஷயத்துக்குப் பயந்து மாற்றியிருக்கிறாய் என்று. பெட்டி ரிப்பேர் என்று போட்டு அவர்கள் விசாரிக்க ஆரம்பித்தால் அது வெளியே வந்துவிடும் என்று நினைத்தாயாம். நீ அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு நினைவே இருக்காது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். நினைவிருக்கிறது என்றால் முழுசாகத் தெரிந்துகொள். நம் ஊர் நிதி நிறுவனம் ஒன்றில் பெட்டி சிக்கிக்கொண்டது, போய்த் திறந்து கொடுத்தேன், மறுமாதம் அதில் இருந்த நகை காணோம், பெட்டியைத் திறக்கத் தெரிந்தவன் யார் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், கை வைக்கவில்லை, ஆனால் கேட்ட கேள்வியையே கேட்டார்கள். நான்காம் நாள் அவர்களுடைய கேஷியர் வீட்டிலேயே நகை கிடைத்தது. போயிட்டு வாங்க என்றார்கள், வந்துவிட்டேன். தப்பு எங்களுடையது என்று ஒருவன் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும், அந்த மடத்தனத்தைத்தான் இன்றைக்கு நீ சுமக்கிறாய்.

என் வேலையின் முறை உனக்குத் தெரியும். உள்ளே தாழ் விலகுகிற சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன், சொந்தக்காரர்தான் கதவை இழுக்கவேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று ஒருநாளும் எனக்குத் தெரியாது. சிலர் சிரிப்பார்கள், சும்மா பாருங்க என்பார்கள், நான் திரும்பினதில்லை. இப்படி ஒருவனை அப்பா என்று எழுத உனக்குப் பயம் வந்துவிட்டதே என்று கோபமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

நீ கேட்காவிட்டாலும் என் யோசனையைச் சொல்கிறேன். குடும்பம் என்ற அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டு வேறு பயோடேட்டா அனுப்பு. என்னையும் எடு, ஆபீசர் மாமாவையும் எடு. வேலைக்குப் போகிறவன் நீ, கணக்குப் பார்க்கப்போகிறவன் நீ, நாங்கள் எதற்கு அங்கே கூட்டமாக வந்து நிற்கவேண்டும். என்னைப் போடவில்லை என்று நான் வருத்தப்படமாட்டேன். நேரில் கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல். என் தொழிலுக்காக உன்னை வேண்டாம் என்றால் அது அவர்கள் புத்தி. பொய் எழுதினாய் என்று வேண்டாம் என்றால் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்.

இதை எழுதி நேற்றே அனுப்பியிருப்பேன். நேற்று மதியம் கடைக்குப் போன் வந்தது. நிரந்தர முகவரிக்குக் கீழே கடை நம்பரைத்தானே கொடுத்திருக்கிறாய். சின்ன வயசுப் பெண் குரல், அந்தக் கம்பெனிக்காக விவரம் சரிபார்க்கிறாளாம். சார், நீங்க செக்யூரிட்டி கன்சல்டன்ட்தானே என்றாள். கையில் அரம், எதிரே ஒருவருடைய லாக்கர் பிரித்தபடி கிடக்கிறது, பக்கத்துக் கடையில் பாட்டு. வீட்டில் அத்தனை பேரிடமும் பத்து நாள் கத்தியவன், ஆமாம்மா என்றேன். எத்தனை பேர் சார் வேலை பாக்கறாங்க என்றாள். ஆறு பேர் என்றேன். எங்கிருந்து வந்தார்கள் அந்த ஆறு பேர் என்று எனக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை உனக்குக் கடைசி இன்டர்வியூ என்பது மட்டும்தான் அப்போது தலையில் ஓடியது. உங்க மகனைப் பத்தி வேற ஏதாவது சொல்லணுமா சார் என்று கேட்டாள், நேர்மையானவன்மா, பொய் சொல்லமாட்டான் என்றேன். போனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் அந்த லாக்கரைத் தொடவில்லை.

நான் உன்னைத் திட்டுகிற யோக்கியதையை நேற்றோடு இழந்துவிட்டேன், அதற்காகச் சும்மா இருக்கப்போவதில்லை. அந்தப் பெண்ணின் நம்பரைக் குறித்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தின் பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். அக்கா இதை இன்றைக்கே படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் பொய்யை நான் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் உன்னுடையதை நீ சொல்லிவிட்டால், அவர்கள் அதை உன் வாயால் கேட்டதாக இருக்கும். வேலை போனாலும் போகலாம், தெரிந்துதான் எழுதுகிறேன். உன் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசமாட்டாள், அதுவும் தெரியும்.

எந்த ஊரில் இருந்தாலும் உடம்பும் மனசும் கெடாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், தம்பி, எனக்கும் அம்மாவுக்கும் வேறு வேண்டுதல் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வரை உனக்கு நேரம் இருக்கிறது, மறந்துவிடாதே. அந்தப் பெண்ணிடம் நான் மூன்று விஷயம் சொன்னேன், அதில் இரண்டு பொய். மூன்றாவதையும் நீ பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா