மாப்பிள்ளை மினிவேன் கேட்டதாக நான் சொன்னது

மாப்பிள்ளை,

என் தலையில் இன்னும் மாங்காய் வாடை அடிக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், ஷாம்பு போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சித்தூர் ஜில்லாவில் விளைந்த தோத்தாபுரி மாங்காய் அத்தனையும் ஒரே ராத்திரியில் பழுத்து, லாரி லாரியாக என் மண்டைக்குள் இறங்கிவிட்டது போலிருக்கிறது. திருப்பதி பைபாஸில் பழைய வண்டி விற்கிற ஒரு கொட்டகையில், சின்ன சரக்கு வேன் ஒன்றுக்குள் தலையை விட்டுப் பார்த்ததற்கு இந்தத் தண்டனை. ஜூஸ் ஃபேக்டரிக்கு மாங்காய் அடித்த வண்டி அது. அதற்குள் தலையை விட்டபடியே நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு ஒரு வகையில் சௌகரியம். இப்படி எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

என் தங்கை, அதாவது உங்கள் மனைவி, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். உங்களுக்குத்தான் அந்த நாளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு வேன் வாங்கி, பின்னால் மெத்தை போட்டு, தலக்கோனா, ஹார்ஸ்லி மலை, பழவேற்காடு என்று ஊர் ஊராகப் போய் வண்டியிலேயே படுத்து எழுவது என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தீர்களாம். எனக்கு இது தெரியாது. ஜில்லாவில் எந்த வீட்டுக் கோழி எத்தனை முட்டை போட்டது என்று கணக்குச் சொல்லும் எனக்கு, என் சொந்தத் தங்கை வீட்டில் பேசிய பேச்சு தெரியவில்லை.

நீங்கள் போன பிறகும் அவள் அந்த யோசனையை விடவில்லை. கூட வேலை பார்த்த சரோஜா டீச்சரும் வருகிறார்களாம். ஓட்டுவது இவள். ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது, வண்டி மட்டும்தான் பாக்கி. என்னைக் கூப்பிடவில்லை, வண்டி பார்க்க மட்டும் துணைக்கு வரச் சொன்னாள். அங்கேதான் மாப்பிள்ளை, எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. இந்தக் குடும்பத்தில் என்னை விட்டுவிட்டு ஒரு சுற்றுலாவா? ஆந்திர சர்க்கார் சுற்றுலாத் துறையே என்னைக் கேட்டுத்தான் மழை பெய்யலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே!

நாம் போன பயணங்கள் ஞாபகம் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் நானே மகாராஜா, நானே படைத்தளபதி. வாடகை வேன், நான்கு வீட்டு ஜனம், இட்லி குண்டான், என் குரல். தலக்கோனாவுக்குப் போனபோது கடைசி சீட்டில், இரண்டு முட்டிக்கு நடுவில் கேஸ் அடுப்பைக் கட்டிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்து வந்தீர்கள். "மாப்ள, முன்னாடி வாங்க, எடம் பண்றேன்" என்று ஒரு தடவை சொன்னேன். "இருக்கட்டும் மச்சான்" என்றீர்கள். அதோடு விட்டுவிட்டேன். அங்கே போய் ஒரு காட்டுப் பூனை குறுக்கே ஓடியது. மதியச் சாப்பாட்டுக்குள் அதைச் சிறுத்தையாக்கி, திரும்பி வரும்போது புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் புலியாக்கிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கூடாரத்தில் என் குறட்டை தாங்காமல் நீங்கள் வெளியே பாறைமேல் துண்டை விரித்துப் படுத்திருந்ததை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கதையில் எனக்குப் பெருமையில்லையே.

வண்டிக் கொட்டகைக்கு வருகிறேன். அங்கே இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று மினிவேன். ஏழு பேர் உட்காரலாம், சுற்றிலும் கண்ணாடி, ஏ.சி., கல்யாண ஊர்வலத்துக்கே அனுப்பலாம். இன்னொன்று அந்த மாங்காய் வேன். முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் வெறும் தகரப் பெட்டி, பக்கவாட்டில் தள்ளுகிற கதவு, மஞ்சள் நம்பர் பலகை.

விற்கிற ஆள் தெலுங்கில் கேட்டான்: "ஏம் அன்னா, லோடுக்கா, ஃபேமிலிக்கா?"

சுமைக்கா, குடும்பத்துக்கா என்று கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மனைவி, "நித்ர போவடானிக்கி" என்றாள். தூங்குவதற்காம். அந்த ஆள் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

முதலில் அவள் மினிவேனில் ஏறினாள். சீட்டை மடக்கிப் பார்த்தாள். பாதிதான் மடங்கியது. நடுவில் மேடு, பெல்ட் மாட்டுகிற கொக்கி முதுகில் இடிக்கும். இறங்கிவிட்டாள். பிறகு அந்தத் தகரப் பெட்டியின் கதவைத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய் மல்லாந்து படுத்துவிட்டாள், மாப்பிள்ளை! நான்கு மெக்கானிக்குகள் பார்க்கிறார்கள். நான் தலையை உள்ளே விட்டேன்.

"எழுந்திரும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்ணா. ரெண்டு பேரு தாராளமா கால நீட்டலாம் பாரு. தல மாட்டுல சாமான் பெட்டி. கதவத் தொறந்து வுட்டா படுத்துக்கினே காடு தெரியும்."

"இது லோடு வண்டிம்மா. நகரி செக்போஸ்டுல நிறுத்தி, இன்னா லோடுன்னு கேப்பான். ரெண்டு ரிட்டயர்டு டீச்சருன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"ஜன்னல் கெடையாது. சித்திரை வெயில்ல உள்ள படுத்தா சாயங்காலம் ரெண்டு அப்பளமா எடுக்கணும் உங்கள."

"மேல காத்துக்கு வழி வெச்சுக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கினுதான் வந்தேன்."

"பின்னாடி ஆளு உக்காரவே கூடாது. முன்னாடி ரெண்டு சீட்டு. அப்ப நாங்கள்லாம்?"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள், முகத்தில் ஒரு நிம்மதி. அந்த வண்டியில் எனக்கு இடமில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"மாப்பிள்ளை எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரும்மா."

அவள் தலையைத் திருப்பினாள். "இன்னா சொன்னாரு?"

"'மச்சான், வேன் வாங்குனா மினிவேன்தான் வாங்கணும், குடும்பம் மொத்தமும் ஒண்ணா போவணும், நீங்கதான் முன்ன நின்னு கூட்டிக்கினு போவணும்'னாரு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில. நீ டீ வாங்கப் போயிருந்த."

பூனையைப் புலியாக்கிய வாய் இது. ஆனால் பூனை என்றாவது ஒன்று குறுக்கே ஓடியது. இங்கே ஒன்றுமே ஓடவில்லை. அவள் எழுந்தாள். முதுகில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "சரிணா. அவரு சொன்னாருன்னா அதையே எடுத்துக்கலாம்" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மினிவேனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் காருக்கு நடந்தேன்.

காரில் ஏறியதும், "முன்பணம் குடுக்கறதுக்கு மின்ன காணிப்பாக்கம் போய் ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடலாம்" என்றாள்.

நியாயம்தான். நம் பக்கத்தில் சைக்கிள் வாங்கினாலும் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சக்கரம் உருளாது. ஆனால் அந்தப் பிள்ளையார் இன்னொரு காரியத்துக்கும் பேர் போனவர் என்பது உங்களுக்குத் தெரியாததா? நம் ஜனங்கள் கோர்ட்டில் தைரியமாகப் பொய் சொல்வார்கள். 'காணிப்பாக்கத்தில் வந்து சொல்' என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். நானே நகரியிலிருந்து திருமலை வரை எல்லா சாமி முன்னாலும் கதை அளந்திருக்கிறேன். இவர் ஒருத்தர் முன்னால் மட்டும் அரை அங்குலம் கூட அளந்ததில்லை.

அவள் ஓட்டினாள். சந்திரகிரி கோட்டை வந்தது. வழக்கமாக அங்கே, அதைக் கட்டிய ராஜாவுக்கு என் முப்பாட்டன்தான் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்தான் என்று சொல்வேன். சொல்லவில்லை. அவள் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கோவில் வாசலில், குளத்தில் முழுகிய ஈரத்தோடு ஒரு ஆள் நின்றான். சுற்றிலும் அவன் சொந்தக்காரர்கள். யாருடைய நிலத்திலோ மோட்டார் காணாமல் போயிருக்கிறது, இவன் எடுக்கவில்லை என்று பிரமாணம் செய்யப் போகிறான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட, "நேனு தீயலேது சாமி, நேனு தீயலேது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான். நான் எடுக்கவில்லை சாமி என்கிறான். அவனைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

"இன்னாணா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? சுகர் மாத்திரை போட்டியா, இல்லியா?"

"போட்டேன். நான் உள்ள வரலம்மா."

"ஏன்?"

"மாப்பிள்ளை அத சொல்லல. மினிவேன். நானா சொன்னது."

அவள் கையில் தேங்காய் பழத் தட்டு இருந்தது. சரிந்த பூவை நேராக வைத்தாள்.

"தெரியும்ணா."

"தெரியுமா? தெரிஞ்சிக்கினா சரின்ன?"

"அவரு போய்ட்ட நாள்லருந்து வர்றவங்கல்லாம், 'அவரு இருந்தா இப்படி சொல்லியிருப்பாரு, அப்படி சொல்லியிருப்பாரு'ன்னுதான் பேசறாங்க. நீ ஒர்த்தன்தான் 'சொன்னாரு'ன்ன. பொய்யின்னு தெரியும். ஆனா எனக்குத் தெரியாத அவரு பேச்சு ஒண்ணு எங்கியோ மிச்சம் கீதுன்னு நெனைக்கறப்ப நல்லா இருந்துச்சு. கொஞ்ச நேரம் வெச்சிக்கினு இருந்துட்டுப் போறேனேன்னு பேசாம வந்தேன்."

அந்தக் கோவில் வாசலில் நூறு யானை வரிசையாக வந்து என்னை மிதித்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். பாருங்கள், இப்போதும் யானை வருகிறது. என்ன செய்ய, வாய் பழகிவிட்டது.

"பொய்யின்னு எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் சிரித்தேவிட்டாள். "நீ இருக்கற எடத்துல அவரு அவ்ளோ நீளமா எப்பணா பேசினாரு? நீ வுட்டாத்தானே!"

சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும் என் நெற்றியில் விபூதி பூசினாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் அந்த மாங்காய் வேனுக்கே முன்பணம் கொடுத்தாள். "வர்றதுன்னா உன் கார்ல எங்க பின்னாடி வா, பேசாம வரணும்" என்றும் சொன்னாள். எனக்குக் கிடைத்த அழைப்பு அவ்வளவுதான். என் தகுதிக்கு அதுவே அதிகம்.

ஆஸ்பத்திரி நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவள் டீ வாங்கப் போனது நிஜம். நாம் இரண்டு பேர் மட்டும் இருந்ததும் நிஜம். நான் பக்கத்துக் கட்டில்காரரிடம், குப்பம் காட்டில் யானையை அதட்டித் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் விரலைத் தூக்கினீர்கள். தண்ணீர் கேட்கிறீர்கள் என்று நினைத்து, டம்ளரை வாயில் வைத்தேன். குடித்தீர்கள். நான் யானையிடம் திரும்பிவிட்டேன். தாகமாகத்தான் இருந்ததா மாப்பிள்ளை, வேறு ஏதாவதா? ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இத்தனை வருஷம் பழகியதற்கு, உங்கள் பேச்சு எனக்கென்று கொஞ்சம் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். 'இருக்கட்டும் மச்சான்' இருக்கிறது. அதைத் தாண்டி உங்கள் குரலில் என் காதில் கேட்கிற நீளமான பேச்சு ஒன்றே ஒன்றுதான், மாங்காய் வேனுக்குள் நான் கட்டியது. பொய் என்று ஒத்துக்கொண்ட பிறகும் அது அழியவில்லை. நீங்களே சொன்னது போல, உங்கள் குரலிலேயே கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் கூசுகிறது.