நாம் மாற்றிக்கொண்ட வாக்குத்தத்தம்

இன்று காலை பைபிள் உறையின் ஜிப் அறுந்துவிட்டது. புது உறை மாட்டும்போது உன் வாக்குத்தத்த அட்டை கீழே விழுந்தது. ஓரத்தில் உன் கட்டைவிரல் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. தலையில் அத்தனை தேங்காய் எண்ணெயோடு சபைக்கு வருகிறவள் கேளம்பாக்கத்திலேயே நீ ஒருத்திதான்.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எவர்சில்வர் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்களே, ஆளுக்கு ஒரு சங்கீதப் புத்தக வசனம், வருஷம் முழுக்க அதுதான் கர்த்தர் நமக்குத் தரும் வாக்கு. எனக்கு வந்தது கர்த்தரைத் துதிக்கச் சொல்லும் வசனம். உனக்கு, போகும்போதும் வரும்போதும் அவர் காப்பார் என்பது. அந்த மாதம்தான் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். வாய் திறந்து கேட்கவில்லை. உன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாடி மூஞ்சி இப்டி கீது? இந்தா, நீ வச்சிக்க. எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன்” என்று என் கையில் திணித்துவிட்டு, என் அட்டையை எடுத்துக்கொண்டாய். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்றேனா? இல்லை.

பிழைத்து வந்தேன். நாம் துப்புரவு வேலை பார்த்த கம்பெனியில் இருவரும் மறுபடி ஒன்றாகத் தரை துடைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கடைசிப் பாயில் உட்கார்ந்து, ராகம் ஒரு பக்கம் நீ ஒரு பக்கமாகப் பாடினாய். பாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாய். பாட்டை மட்டும் விடமாட்டாய். மாமல்லபுரம் கடலில் ஞானஸ்நானம் எடுத்தோமே, அன்றும் அப்படித்தான். அலை உன்னைப் புரட்டிப்போட்டது. வாயெல்லாம் மணலோடு எழுந்தவள் முதலில் பாட்டைத்தான் எடுத்தாய். பக்கத்தில் நான் வெறும் உதட்டை அசைத்தேன். என் குரல் நாலு பேருக்குக் கேட்டால் மானம் போய்விடும் என்று நினைப்பு.

அந்த வருஷம் ஆடியில் நீ படுத்துவிட்டாய். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். அட்டையோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன்.

“இது உன்னுதுடி, வாங்கிக்க. நான்தான் புடுங்கிக்கினேன்” என்று அழுதேன். நீ சிரித்தாய்.

“லூசு! அவரு இன்னா ரேஷன் கடைக்காரரா, கார்டு பாத்துக் குடுக்க? உன்னியும் பாத்துப்பாரு, என்னியும் பாத்துப்பாரு. எனக்கு உன் கார்டுதான் புட்ச்சிகீது. இப்ப மூச்சு வாங்குது, பாட முடியல. எனக்கோசரம் நீ கொஞ்சம் பாடு.”

வார்டு நிறைய ஆட்கள். “நாளைக்குப் பாடறேன்டி” என்றேன். மறுநாள் வந்தபோது உன் கட்டில் காலியாக இருந்தது.

உன் காவலை நான் வாங்கிக்கொண்டேன் என்ற உறுத்தலை நீயே திட்டித் தீர்த்துவிட்டுப் போனாய். பாடாமல் விட்டதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கடைசிப் பாயில் உன் இடத்தில் இப்போது நான்தான் உட்காருகிறேன். போன ஞாயிறு பாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். பாட்டை விடவில்லை.